பிள்ளையின் போனைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

பிள்ளையின் போனைக் கண்காணிக்க எந்தச் செயலியை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில், எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தேவையானவை ஏற்கெனவே இருக்கின்றன, அதுவும் இலவசமாக. அவற்றைச் சரியாக அமைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இங்கே சொல்வதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தே, முடிந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்ய வேண்டியவை. படங்களிலும் பட்டன்களிலும் உங்கள் போனுக்கும் நான் சொல்வதற்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம். பெயர்கள் ஏறக்குறைய இவைதான்.

படி 1: செட்டிங்ஸைத் திறக்கும் முன்

பிள்ளையிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். நான் எதையெல்லாம் பார்ப்பேன், எதைப் பார்க்க மாட்டேன், தப்பாக ஏதாவது நடந்து நீ வந்து சொன்னால் என்ன செய்வேன்.

மூன்றாவதுதான் முக்கியம். "யாராவது மிரட்டினாலோ, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாலோ என்னிடம் சொல். அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்." இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் விஷயத்தை மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். மிரட்டுகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அந்த பயத்தை வைத்துத்தான் காரியம் சாதிக்கிறார்கள். அதனால் சொன்ன சொல்லை நீங்கள் மீறிவிடாதீர்கள். ஒருமுறை மீறினால் அடுத்த முறை தகவல் உங்களுக்கு வராது.

படி 2: உண்மையான வயதில் கணக்கு

அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடப்பது. அப்படிச் செய்தால் கீழே வரும் பாதி வேலைகள் பயனற்றுப் போகும். கணக்கில் வயது 40 என்று இருந்தால் விளம்பரம், வீடியோ, அந்நியர்களின் மெசேஜ் எல்லாம் 40 வயதுக்காரருக்கு வருவது போலத்தான் வரும். வயதை வைத்துத் தானாக இயங்கும் பாதுகாப்புகள் எதுவும் விழித்துக்கொள்ளாது.

பெரும்பாலான செயலிகள் 13 வயது என்ற எல்லையை வைத்திருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்டு 2000இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்கிறது. அங்கிருந்து வந்த எண் அது. 13 ஆனால் அந்தச் செயலி பிள்ளைக்கு ஏற்றது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. எனவே பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை.

ஏற்கெனவே தவறான வயதில் கணக்கு இருந்தால் கணக்கு அமைப்புகளில் பிறந்த தேதியைத் திருத்துங்கள். 13க்குக் கீழே என்று ஆனதும், பெற்றோர் கணக்கோடு இணைக்கச் சொல்லி கூகுள் கேட்கும். அதைத் தள்ளிப் போட்டால் கணக்கு முடங்கிவிடும், கையோடு முடித்துவிடுங்கள்.

படி 3: ஆண்ட்ராய்டு என்றால் ஃபேமிலி லிங்க்

கூகுள் 2017இல் கொண்டுவந்த செயலி இது. உங்கள் போனில் இதை நிறுவுங்கள். உங்களுடையது ஐபோனாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் போன்தான் ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். பிறகு பிள்ளையின் போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதற்குள் பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று போய், திரையில் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் இரண்டும் இணைந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளை ஏற்கெனவே சொந்தக் கணக்கு வைத்திருந்தால் அவர்களும் சம்மதம் தர வேண்டும்.

இணைந்ததும் செய்ய வேண்டியவை:

முதலில் செயலி அனுமதி. கூகுள் ப்ளேயில் எதை இறக்கினாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற தேர்வை வையுங்கள். இலவசச் செயலிகளுக்கும் சேர்த்து. இதில் ஒரு ஓட்டை உண்டு: முன்பு ஒருமுறை அனுமதித்த செயலியை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் அனுமதி கேட்காது. வேண்டாம் என்று முடிவெடுத்த செயலியைத் தனியாகத் தடுக்க வேண்டும்.

அடுத்து நேரம். ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு, இரவு எப்போது பூட்ட வேண்டும் என்று இரண்டையும் வைக்கலாம். என்னைக் கேட்டால் இரவுப் பூட்டுதான் முதலில். பகலில் அரை மணி நேரம் கூடிப்போவதைவிட, எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் ஓடும் அரை மணி நேரம்தான் தொந்தரவு. நாள் அளவை ஒரு வாரம் கழித்து, உண்மையில் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று தெரிந்த பின் முடிவு செய்யலாம்.

இருப்பிடம் வேண்டுமானால் அதையும் இயக்கலாம். போன் அணைந்திருந்தாலோ நெட் இல்லாவிட்டாலோ காட்டாது, உடனே பதறாதீர்கள்.

ஃபேமிலி லிங்க்கில் பிள்ளையின் மெசேஜைப் படிக்க முடியாது, அழைப்புகளைக் கேட்க முடியாது. குறை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

படி 4: ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம்

செட்டிங்ஸில் ஃபேமிலி பகுதிக்குப் போய் பிள்ளைக்கு ஒரு கணக்கு உருவாக்குங்கள். மொத்தம் ஆறு பேர் வரை ஒரு குடும்பத்தில் சேரலாம். பிறகு பிள்ளையின் பெயரைத் தொட்டு ஸ்கிரீன் டைமைத் திறந்தால் இரவு நேரப் பூட்டு, செயலி வாரியாக நேர எல்லை, யாரோடு பேசலாம் என்ற வரம்பு, ஆபாசத் தளங்களுக்குத் தடை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

இங்கே மூன்று இடங்களில் பெற்றோர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்கிரீன் டைமுக்கு ஒரு தனி பாஸ்கோடு வேண்டும், போனைத் திறக்கும் எண்ணையே அதற்கும் வைத்தால் பூட்டுப் போட்டு சாவியையும் அதிலேயே தொங்கவிட்டது மாதிரி. நேர எல்லை வைக்கும்போது "எல்லை முடிந்ததும் தடு" என்ற பொருளில் ஒரு பட்டன் இருக்கும், அதை இயக்காவிட்டால் பிள்ளை ஒரு தட்டில் எல்லையைத் தாண்டிப் போய்விடும். மூன்றாவது, பாஸ்கோடைப் பிள்ளையின் போனிலேயே அழுத்தும்போது திரைப் பதிவு ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பிள்ளைகளிடையே இது பழைய தந்திரம்.

கம்யூனிகேஷன் சேஃப்டி என்ற வசதியும் இங்கேதான். நிர்வாணப் படம் வந்தாலோ அனுப்பப் போனாலோ படத்தை மங்கலாக்கி எச்சரிக்கும். இந்தச் சோதனை போனுக்குள்ளேயே நடக்கிறது, படம் ஆப்பிளுக்குப் போவதில்லை. கட்டாயம் இயக்கி வையுங்கள்.

படி 5: யூடியூபும் தேடலும்

சின்னக் குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் ஓடும்படி வைக்கலாம், பள்ளிக்குப் போகாத வயதில் அதுதான் சரி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, உங்கள் கணக்கோடு இணைத்த கண்காணிப்புக் கணக்கில் சாதாரண யூடியூபையே மூன்று நிலைகளில் தரலாம்: 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், ஏறக்குறைய எல்லாமும். கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச் வசதியை ஃபில்டர் நிலையில் வையுங்கள். யூடியூப் செயலியைப் பூட்டிவிட்டு பிரவுசரை மறந்துவிடாதீர்கள், அதே வீடியோ அங்கேயும் ஓடும்.

படி 6: அந்நியர் உள்ளே வரும் கதவுகள்

நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இதைப் பற்றி வீடுகளில் பேசுவதில்லை. பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை விட, யார் பிள்ளையிடம் பேச முடியும் என்பதே பெரிய கேள்வி.

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய், குழுவில் சேர்ப்பது, புரொஃபைல் படம் இரண்டையும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வையுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றையும் அமையுங்கள்.

இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கான கணக்குகளைத் தொடங்கியது. 18க்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், அந்நியர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். உண்மையான வயது கொடுத்திருந்தால்தான் இதெல்லாம்.

அப்புறம் விளையாட்டுகள். விளையாட்டுத்தானே என்று விட்டுவிடும் இடத்தில்தான் அரட்டைப் பெட்டி இருக்கிறது, குரல் வழிப் பேச்சும் இருக்கிறது. பிள்ளை விளையாடும் ஒவ்வொரு விளையாட்டின் செட்டிங்ஸிலும் அரட்டையை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள். ஒருமுறை கூடவே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படும்.

தப்பான நோக்கத்தோடு வருபவர்கள் போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் பாராட்டு, விளையாட்டுக்குள் இலவசக் காசு. பிறகு "வேறு செயலிக்கு வா, அங்கே பேசலாம்." அடுத்து "வீட்டில் சொல்லாதே." கடைசியில் ஒரு படம் கேட்பார்கள். சில சமயம் தாங்களே ஒன்றை முதலில் அனுப்பி, பதிலுக்குக் கேட்பார்கள். இந்த வரிசையைப் பிள்ளைக்குக் கதை போலச் சொல்லிக் கொடுங்கள். "வேறு செயலிக்கு வா" என்ற இடத்திலேயே நிறுத்தத் தெரிந்த பிள்ளைக்கு மற்றது எதுவும் வராது. பையன்கள்தானே, அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். படத்தை வாங்கிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பதின்ம வயதுப் பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கின்றன.

உளவுச் செயலிகள்

ஐகானே தெரியாமல் ஒளிந்திருந்து எல்லா மெசேஜையும் உங்களுக்கு அனுப்புவதாக விளம்பரம் செய்கிறார்களே, அவை வேண்டாம். அவற்றை நிறுவப் போனின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்வார்கள். பிள்ளையின் படமும் பேச்சும் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்க் குவியும். அப்படிக் குவித்தவை அங்கிருந்து கசிந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. பிள்ளை கண்டுபிடித்த அன்றைக்கே, உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு தொடங்கப்படும் என்பது வேறு.

படி 7: வீட்டு வைஃபை

ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரி எண்ணைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3 என்று கொடுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை இது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் திறக்க விடாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வேலை செய்யாது. டிராயரில் கிடக்கும் பழைய போனுக்கும் டிவிக்கும் சேர்த்து வேலை செய்யும் என்பதால் செய்து வைப்பது நல்லது.

படி 8: தளர்த்துவது

மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து, எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். 9 வயதில் வைத்த அமைப்பு 15 வயதிலும் அப்படியே இருந்தால் அதை உடைப்பதுதான் பிள்ளையின் வேலையாகிவிடும். பொதுவாக நேர எல்லையை முதலில் தளர்த்தலாம், இருப்பிடத்தை அடுத்து. அந்நியர் மெசேஜ் கதவைக் கடைசியில்.

ஏதாவது நடந்துவிட்டால்

பிள்ளை வந்து சொன்னதும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், திட்டுவதை விடுங்கள். மிரட்டியவருக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மேலும் கேட்பார்கள். கோபத்தில் அரட்டையை அழித்துவிடாதீர்கள், கணக்கின் பெயரும் பேச்சும் ஆதாரம். அவற்றைச் சேமித்துக்கொண்டு, அந்தச் செயலியிலேயே புகார் கொடுத்து, பிறகு தடை செய்யுங்கள். போலீசுக்கும் சொல்லுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆலோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

படம் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு உங்கள் போனிலேயே கைரேகை மாதிரி ஓர் எண்கோவை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், படம் போனை விட்டு வெளியே போகாது. பெயர் கேட்பதில்லை. அந்தக் கோவையை வைத்து, இதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். சேராத தளங்களிலும், மறையாக்கம் செய்த (பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத) தனி அரட்டைகளிலும் இது எட்டாது. அங்கே அந்தந்தச் செயலியில் நீங்கள் கொடுக்கும் புகார்தான் வழி.