குழந்தைக்கு பேஸ்பால் கிளவ் வாங்கும்போது அளவை எப்படிப் பார்ப்பது?

வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று சட்டைக்கும் செருப்புக்கும் போடும் கணக்கை தயவுசெய்து கிளவுக்கு, அதாவது பந்து பிடிக்க மாட்டும் கையுறைக்கு, போடாதீர்கள். நான் போட்டேன். என் பெண்ணுக்கு ஏழு வயதில் 12 இன்ச் கிளவ் வாங்கிக் கொடுத்தேன். பந்து நேராக உள்ளங்கையில்தான் வந்து விழும், ஆனால் அவள் விரல்கள் பாதி தூரம்கூடப் போய்ச் சேராததால் கிளவ் மடங்காமல் விரித்தபடியே நிற்கும், பந்து உருண்டு கீழே போய்விடும். ஒரு மாதத்தில் பந்து வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் 10.5 இன்ச் மாற்றியதும் பந்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

முதலில் எந்தக் கை என்று பாருங்கள். எறியாத கையில்தான் கிளவ் மாட்ட வேண்டும், வலது கையால் எறிகிற பிள்ளைக்கு இடது கையில். எழுதுகிற கையும் எறிகிற கையும் சில பிள்ளைகளுக்கு வேறாக இருக்கும், அதனால் ஒரு பந்தைக் கொடுத்து நாலைந்து தடவை எறியச் சொல்லிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கிளவில் அச்சிட்டிருக்கும் இன்ச் கணக்கு, ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி, பந்து உட்காரும் குழி வழியாக வளைந்து, மணிக்கட்டுப் பக்கத்து அடி விளிம்பு வரை எடுக்கிற அளவு. பழைய கிளவில் எண் அழிந்திருந்தால் தையல் டேப்பை இப்படியே வளைத்துப் பிடித்து அளந்துகொள்ளலாம்.

வயதை வைத்துச் சொன்னால், ஐந்து ஆறு வயதுக்கு 9 முதல் 10 இன்ச், ஏழு எட்டுக்கு 10 முதல் 11, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 11 முதல் 12 இன்ச். இது தொடங்குவதற்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான், சின்னக் கை உள்ள பிள்ளைக்கு அரை இன்ச் குறைத்துப் பாருங்கள். பெரிய ஆட்டக்காரர்களில் அடிப்பவருக்குக் கிட்டே உள்வட்டத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸ்காரர்கள் 11.25, 11.5 என்று சின்னதாகத்தான் மாட்டுவார்கள், குழி ஆழமில்லாமல் இருந்தால் பந்தைச் சட்டென்று எடுத்து எறியலாம். அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தொலைவான பகுதியில், ஓடிப் பிடிக்க வேண்டும் என்பதால் அங்கே 12, 12.5, அதற்கு மேலும். பத்து வயது வரை பிள்ளைகள் எல்லா இடத்திலும் மாறி மாறி நிற்பார்கள், இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கேட்சர் மிட்டில் (அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவரின் கிளவ்) மட்டும் 31, 32 என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அது சுற்றளவு. பேஸ்பால் மாதிரியே இருக்கும் சாஃப்ட்பால் ஆட்டத்தில் பந்து பெரிது, அதற்கான கிளவ் வேறு.

இனி முக்கியமான சோதனை. கடையிலேயே பிள்ளையின் கையில் மாட்டி, இன்னொரு கையின் உதவி இல்லாமல் மடக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும். புது கிளவ் விறைப்பாகத்தான் இருக்கும், முழுக்க மூடாவிட்டால் பரவாயில்லை, ஆனால் கொஞ்சமும் அசையவில்லை என்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பிறகு கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாகப் பத்து எண்ணச் சொல்லுங்கள், அதற்குள் கிளவ் கீழே தொங்கினால் அந்தக் கைக்கு அது பாரம். கடைசியாகக் கையைக் கீழ்நோக்கி உதறச் சொல்லுங்கள். வெல்க்ரோ பட்டையை இறுக்கின பிறகும் கழன்று விழப் பார்த்தால் அது பெரிது.

ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு செயற்கைத் தோலே போதும், லேசாக இருக்கும். எட்டு ஒன்பது வயதில் மெல்லிய பசுத்தோல், பன்றித்தோல் நல்லது. கெட்டியான காளைத்தோல் கிளவ் பல வருஷம் உழைக்கும் என்பது உண்மை, ஆனால் அதைப் பழக்க வலுவான கை வேண்டும்.

எந்தத் தோலானாலும் பழக்குவதற்கு தினமும் பந்து போட்டுப் பிடிப்பதுதான் வழி. இரவில் குழிக்குள் பந்தை வைத்து ஒரு ரப்பர் பட்டையால் கட்டி வையுங்கள். ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், தோல் காய்ந்து வாரெல்லாம் வெடித்துப்போகும்.

ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் மறுபடி மாட்டிப் பாருங்கள். விரல் நுனி கிளவின் விரல் உறை முனையை முட்டிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதி கிளவுக்கு வெளியே நன்றாகத் தெரிகிறதென்றால் அடுத்த அளவு வாங்கும் நேரம் வந்துவிட்டது.