ஸ்பெக்ட்ரோமீட்டர் காலிபரேஷன்: கையை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் சாயப்பட்டறை லேப், ஈரோட்டில் மஞ்சளுக்கு குர்குமின் (அதன் நிறப்பொருள்) பார்க்கும் லேப், கோவைக் கல்லூரிகளின் இயற்பியல் துறை என்று ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் சின்ன ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நம் பக்கம் வேலை நிறைய. ரிசல்ட் தப்பாக வந்தால் பலரும் முதலில் கையை வைப்பது அலைநீளக் காலிபரேஷனில்தான். அதற்கு முன் ஒளியை வாங்கும் டிடெக்டரின் செட்டிங்கைப் பாருங்கள். செட்டிங் சரியில்லாமல் காலிபரேஷன் செய்தால், நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

முதல் தவறு இன்டகிரேஷன் டைமில், அதாவது டிடெக்டர் ஒரு தடவை ஒளியைச் சேர்க்கும் நேரத்தில். 16 பிட் கருவியில் ஒளியளவைக் காட்டும் எண்ணிக்கை 65,535க்கு மேல் போகாது. அதைத் தொட்ட பீக்கின் தலை தட்டையாகிவிடும். தட்டையான தலையில் உச்சி எந்தப் பிக்சல் (டிடெக்டரின் சின்னக் கட்டம்) என்று யாராலும் சொல்ல முடியாது, மென்பொருளாலும் முடியாது. காலிபரேஷனே பிக்சலையும் அலைநீளத்தையும் பொருத்துவதுதானே? அதனால் மிக உயரமான பீக் 50,000 முதல் 55,000க்குள் நிற்கட்டும்.

காலிபரேஷனுக்கு அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் மெர்குரி-ஆர்கான் விளக்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 435.83, 546.07 நானோமீட்டரில் உள்ள மெர்குரி கோடுகள் பளிச்சென்று இருக்கும். 700க்கு மேலுள்ள ஆர்கான் கோடுகள் அவற்றின் பக்கத்தில் மங்கல். ஆர்கான் தெரியட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் மெர்குரி நிரம்பி வழியும். இரண்டு தடவை எடுங்கள்: குறைந்த நேரத்தில் மெர்குரி, கூடுதல் நேரத்தில் ஆர்கான். நேரம் மாறினாலும் கோடு விழும் பிக்சல் மாறாது. விளக்கைப் போட்டதும் ஆர்கான்தான் முன்னால் வரும். மெர்குரி சூடேறி நிலைக்கச் சில நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள். 253.65இல் வருவது புற ஊதா, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் விளக்கைப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் டார்க், அதாவது ஒளியை மறைத்து எடுத்துக் கழிக்கும் அளவு. நேரத்தை மாற்றினால் டார்க்கையும் அதே நேரத்தில் புதிதாக எடுக்க வேண்டும். குளிரூட்டாத டிடெக்டரில் வெப்பம் 6 முதல் 8 டிகிரி ஏறினாலே இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில், கரன்ட் போய் ஏசி நின்ற லேபில், காலையில் எடுத்த டார்க் மத்தியானத்துக்கு ஆகவே ஆகாது.

கிராஃப் அழகாகத் தெரியட்டும் என்று பாக்ஸ்காரைக் கூட்டுவது இன்னொரு பழக்கம். 5 என்று வைத்தால் இரு பக்கமும் ஐந்தைந்து சேர்த்து 11 பிக்சலின் சராசரி வரும், 576.96, 579.07 என்ற மெர்குரி இரட்டைக் கோடுகள் ஒரே மேடாகிவிடும். காலிபரேஷனின்போது அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, பல ஸ்கேன்களைச் சராசரியாக்கும் ஸ்கேன் ஆவரேஜைக் கூட்டுங்கள். 16 ஸ்கேனுக்கு இரைச்சல் நாலில் ஒன்றாகும்.

இனி கோடுகள். ஆர்டர் ஃபில்டர் இல்லாத கருவியில் 404.66 கோட்டின் இரண்டாம் வரிசை (இரட்டை அலைநீளத்தில் தெரியும் போலி நகல்) 809.3இல் எழும். அதை 811.53 ஆர்கான் என்று குறித்துவிட்டால் சிவப்புப் பக்கம் முழுக்கக் கோணலாகும். கோடுகளின் அலைநீள அட்டவணையிலும் கவனம் வேண்டும்: 546.07 காற்றில் உள்ள அலைநீளம், வெற்றிடத்தில் அதுவே 546.23. ஒரே ஃபிட்டில் (கோடுகளுக்குச் சமன்பாடு பொருத்துவதில்) இரண்டையும் கலக்கக் கூடாது.

“அண்ணா, எல்லாக் கோடும் 0.4 தள்ளியே வருதுங்க” என்று யாராவது கேட்டால், பிக்சலை 0இலிருந்து எண்ணினார்களா 1இலிருந்தா என்றுதான் முதலில் கேட்பேன். 200 முதல் 1000 வரை 2048 பிக்சலில் விரியும் கருவியில் ஒரு பிக்சல் என்பதே அந்த 0.4தான்.

பிக்சலை அலைநீளமாக்கும் மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு நாலு கெழுக்கள். நாலே கோடுகளைக் கொடுத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும். அதற்கு அர்த்தமே இல்லை. எட்டுப் பத்துக் கோடுகளாவது எடுங்கள். ஒன்றிரண்டை ஃபிட்டில் சேர்க்காமல் ஒதுக்கி, அவை எங்கே விழுகின்றன என்று பாருங்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிய பகுதியில் ஃபிட்டை நம்பாதீர்கள்.

“குர்குமின் 425இல் சரியாகத்தானே வருகிறது” என்பதும் சோதனையாகாது. அந்த மேட்டின் தலை அகலம், ஒரு நானோமீட்டர் பிசகினாலும் அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) அதிகம் மாறாது. சாயக்கரைசலை வளைவின் சரிவில் அளக்கும்போதுதான் அதே பிசகு பெரிய எண்ணாக வந்து நிற்கும். லேபில் பழைய டியூப் லைட் இருந்தால் ஃபைபர் நுனியை அதன் பக்கம் காட்டுங்கள், 435.83, 546.07 இரண்டும் தெரியும். எல்இடி டியூப்பில் அவை வராது. இரண்டும் இடத்தில் இருந்தால் காலிபரேஷனைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால், பழைய நாலு கெழுக்களையும் எல்லாத் தசமத்தோடும் நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் புதியதைக் கருவியில் ஏற்றுங்கள்.