டெக்சாஸ் கோர்ட்ஹவுஸ்: பார்க்கப் போகிறவர்களும் வேலையாகப் போகிறவர்களும் செய்யும் தவறுகள்

டாலஸிலிருந்து தெற்கே 30 மைல் போனால் வாக்சஹாச்சி. எல்லிஸ் கவுண்டியின் தலைநகர் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). ஊருக்குள் நுழையும் முன்பே கோர்ட்ஹவுஸின் கோபுரம் தெரியும். நாங்கள் முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவப்புக் கல்லையும் ரோஸ் கிரானைட் தூண்களையும் நாலு பக்கமும் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தோம். கதவைத் தள்ளினால் பூட்டு. கோபுர தரிசனம் பார்த்துவிட்டு, சன்னதிப் பக்கம் போகாமலே வீடு திரும்பியது போல ஆகிவிட்டது.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். சுற்றுலா என்றாலே நமக்கு சனி, ஞாயிறு. ஆனால் கோர்ட்ஹவுஸ் மியூசியம் இல்லை, நீதிமன்றமும் கவுண்டி ஆபீஸ்களும் இருக்கும் அரசு அலுவலகம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு, எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரைதான் திறந்திருக்கும். சின்னக் கவுண்டிகளில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சில கவுன்டர்களை மூடிவிடுவார்கள். விடுமுறை நாட்களை அந்தந்தக் கவுண்டியே முடிவு செய்வதால், பக்கத்துக் கவுண்டி திறந்திருக்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது. டிக்கெட் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. வேலை நாளில் ஒரு நாள் லீவு போட்டால் போதும். வீட்டு வேலை ஏதாவது கவுண்டி ஆபீஸில் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள், அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கோர்ட்ஹவுஸ். 1880, 90களில் ரயிலும் பருத்திக் காசும் வந்தபோது ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். அடுத்த நூறு வருஷத்தில் பல கட்டடங்கள் பாழாகி, 1998இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட ‘அழிவின் விளிம்பில் உள்ள பதினொன்று’ பட்டியலில் டெக்சாஸ் கோர்ட்ஹவுஸ்களை மொத்தமாகச் சேர்க்கும் நிலைக்கு வந்தது. மறு வருஷமே மாநிலம் பணம் ஒதுக்கிப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதுவரை 70க்கும் மேற்பட்டவை பழைய நிலைக்கு வந்திருக்கின்றன. அதனால்தான் இன்று சுற்றிப் பார்க்க இவ்வளவு இருக்கிறது.

சரி, உள்ளே போயாயிற்று. அடுத்த தவறு, வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே தலையைக் குனிந்துகொண்டு நடப்பது. வாக்சஹாச்சி கட்டடம் 1897இல் முடிந்தது, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன். டெக்சாஸில் மட்டும் 18 கோர்ட்ஹவுஸ்களை வடிவமைத்தவர். அவருடைய திட்டத்தை ஒரு தாளில் வரைந்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். கூட்டல் குறியின் நான்கு உள் மூலைகளில் நிழலான தாழ்வாரங்களும் வாசல்களும். நடுவில் படிக்கட்டு, அதற்கு மேல் நேராகக் கோபுரம். ஏன் இப்படி? ஏசி இல்லாத காலம், டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில். சூடான காற்று நடுவே மேலேறிக் கோபுரம் வழியாக வெளியேற, நிழலில் ஆறிய காற்று மூலைத் தாழ்வாரங்கள் வழியாக உள்ளே வரும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோபுரம் அழகுக்கு மட்டும் வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒரு புகைபோக்கியின் வேலையையும் செய்திருக்கிறது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால், எங்கே கைவைத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்பதும் கண்ணில் படும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அலுவலக இடம் போதாமல், பல ஊர்களில் நடுத் திறப்பின் குறுக்கே தளம் போட்டார்கள். இரண்டு மாடி உயரமிருந்த விசாரணைக் கூடத்தை இரண்டாகப் பிளந்து, பொய்க்கூரை மாட்டினார்கள். புதுப்பிக்கும்போது முதலில் பிரித்தெடுப்பது இவற்றைத்தான். சான் அன்டோனியோவில் இருக்கும் பெக்சார் கவுண்டி கோர்ட்ஹவுஸும் கார்டனுடையதுதான், அங்கேயும் இரட்டை உயரக் கூடத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஃபோர்ட்வொர்த்துக்கு வடக்கே டிகேட்டரில் உள்ள வைஸ் கவுண்டி கோர்ட்ஹவுஸ் வாக்சஹாச்சியின் உடன்பிறப்பு போலவே இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதைவிட, ஒன்றை நிதானமாகப் பாருங்கள். ஒரே நாளில் ஆறு கவுண்டி பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் ஆறு பார்க்கிங் இடங்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

வாக்சஹாச்சி தூண்களின் உச்சியில் செதுக்கிய முகங்கள் இருக்கின்றன. ஒரு சிற்பி தங்கியிருந்த வீட்டுப் பெண்ணைக் காதலித்தான், அவள் மறுத்துவிட்டாள், அதனால் முதலில் அழகாகச் செதுக்கிய முகத்தை வரவர விகாரமாக்கினான் என்று ஊரே கதை சொல்லும். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. அக்காலத்துக் கட்டடங்களில் கோர முகங்கள் செதுக்குவது வழக்கம்தான். கதையை ரசிக்கலாம், வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

இனி வேலையாகப் போகிறவர்கள் பக்கம் வருவோம். இங்கே தவறு செய்தால் ஒரு நாள் சம்பளம் போகும்.

அழகான பழைய கட்டடத்தில்தான் எல்லா ஆபீஸும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டாலஸுக்கு வடக்கே பிளேனோவிலும் ஃபிரிஸ்கோவின் ஒரு பகுதியிலும் இருக்கும் நம் ஆட்கள் காலின் கவுண்டிக்காரர்கள். கவுண்டி தலைநகர் மெக்கின்னி. சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பழைய கோர்ட்ஹவுஸுக்கு ஃபைலோடு போனால் அங்கே நாடக அரங்கம்தான் இருக்கும். நீதிமன்றங்களும் மற்ற ஆபீஸ்களும் ஊருக்கு வடக்கே ப்ளூம்டேல் ரோட்டுக்கு எப்போதோ போய்விட்டன. ஹூஸ்டனில் குவிமாடத்தோடு நிற்கும் 1910ஆம் வருஷத்துக் கட்டடத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் நடக்கின்றன, கார் நம்பர் பிளேட்டுக்கு அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். டாலஸில் ‘ஓல்டு ரெட்’ என்று அழைக்கும் பழைய கோர்ட்ஹவுஸிலும் இப்போது கவுண்டியின் விசாரணை நீதிமன்றங்கள் கிடையாது. அது கட்டி முடிந்த வருஷம் 1892. அதே வருஷம்தான் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடமும் திறக்கப்பட்டது. டாலஸில் சிவப்பு மணற்கல், சென்னையில் செங்கல். சென்னைக் கட்டடத்தின் கோபுரத்தில் பல வருஷம் கலங்கரை விளக்கமும் எரிந்தது, டாலஸுக்குக் கடல் இல்லை. இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஆகவே கிளம்பும் முன் கவுண்டியின் இணையதளத்தில் ஆபீஸின் பெயரைப் போட்டு முகவரி பாருங்கள். ‘கோர்ட்ஹவுஸ்’ என்று மட்டும் தேடினால் மேப் உங்களைச் சதுக்கத்துக்குத்தான் கூட்டிப்போகும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். டெக்சாஸில் ‘கவுண்டி ஜட்ஜ்’ என்பவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்லவில்லை. கவுண்டி நிர்வாகத்தின் தலைவர் அவர், நம்மூர் கலெக்டர் மாதிரி, ஆனால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த ஐவர் குழுவுக்குப் பெயர் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. பெயரில் கோர்ட் இருக்கிறதே தவிர, அங்கே ரோடு, பட்ஜெட், டெண்டர் பேசுவார்கள். நம் பேட்டையில் சாலை சரியில்லை என்றால் போய் உட்கார்ந்து பேசக்கூடிய பொதுக் கூட்டம் அது. கோர்ட் என்ற சொல்லுக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாதவர்கள் பலர். ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’கை மாவட்ட எழுத்தர் என்று மொழிபெயர்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் போவதும் நடக்கிறது. அந்த டிஸ்ட்ரிக்ட் நீதிமன்ற எல்லையைக் குறிப்பது. விவாகரத்து, பெரிய வழக்குகளின் பதிவுகள் அவரிடம் இருக்கும், பல கவுண்டிகளில் பாஸ்போர்ட் விண்ணப்பமும் வாங்குவார்.

வீட்டுப் பத்திரப் பதிவு, திருமண லைசென்ஸ், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொந்த வியாபாரத்துக்குப் பெயர் பதிவது, இவை கவுண்டி கிளார்க். கார் பதிவும் சொத்து வரி கட்டுவதும் டாக்ஸ் ஆபீஸ். ஆனால் வீட்டு மதிப்பை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று மல்லுக்கட்ட வேண்டுமானால் டாக்ஸ் ஆபீஸுக்குப் போய்ப் பயனில்லை. மதிப்பிடுவது ‘அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற தனி அமைப்பு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ‘ஹோம்ஸ்டெட்’ வரிச் சலுகைக்கும் அதனிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் கவுண்டியே இல்லை, மாநிலத்தின் வேலை. குழந்தைக்குப் பாஸ்போர்ட் என்றால் 16 வயதுக்குள் இருப்பவருக்கு அப்பா, அம்மா இருவரும் குழந்தையோடு நேரில் வர வேண்டும். விண்ணப்பத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகாதீர்கள், அங்கே அவர்கள் முன்னால் போட வேண்டிய கையெழுத்து அது.

திருமண லைசென்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் பார்த்த வகையில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். மணமக்கள் இருவரும் அடையாள அட்டையோடு கவுண்டி கிளார்க் ஆபீஸுக்கு நேரில் போக வேண்டும். எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் டெக்சாஸில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் வைக்கலாம். ஆனால் வாங்கியதிலிருந்து 72 மணி நேரம் கழித்துத்தான் தாலி கட்டலாம், 90 நாளுக்குள் கட்டிவிடவும் வேண்டும். ராணுவத்தில் இருப்பவர்களுக்கும், மாநிலம் ஏற்ற திருமண வகுப்பை முடித்தவர்களுக்கும் காத்திருப்பு கிடையாது. நண்பர் ஒருவர் சனிக்கிழமை காலை முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை லைசென்ஸ் வாங்கப் போனார். ஊரிலிருந்து அம்மா, அப்பா, தாய்மாமா எல்லோரும் வந்தாயிற்று. கவுன்டரில் இருந்த பெண்மணி மணி பார்த்து, திங்கட்கிழமைதான் என்று சிரித்தபடி சொன்னார். சனிக்கிழமை சடங்கு நடந்தது, சட்டப்படியான கல்யாணத்தை அடுத்த வாரம் ஒரு நீதிபதி முன்னால் தனியாக வைத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும். நடத்திவைத்தவர் லைசென்ஸில் விவரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு 30 நாளுக்குள் கவுண்டி கிளார்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் கல்யாணங்களில் கோயில் குருக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பிவிடுவார். அந்தத் தாள் பட்டுப்புடவை, பரிசு கவர்களோடு எங்கேயோ ஒரு பெட்டிக்குள் போய்விடும். கணவன் அல்லது மனைவிக்கான எச்4 விசாவுக்கோ பெயர் மாற்றத்துக்கோ சான்றிதழ் கேட்கும்போதுதான், கவுண்டியில் கல்யாணம் பதிவாகவே இல்லை என்று தெரியும். அன்று மாலையே ஒரு பொறுப்பான சித்தப்பாவிடம் கவரோடு கொடுத்துவிடுங்கள்.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசு முத்திரை மாதிரி தோற்றத்தோடு ஒரு கடிதம் வரும், உங்கள் பத்திரத்தின் நகல் வேண்டுமானால் நூறு டாலர் சொச்சம் அனுப்புங்கள் என்று. அது அரசு இல்லை. கவுண்டி கிளார்க்கிடம் நகல் பக்கத்துக்கு 1 டாலர், சான்றொப்பத்துக்கு 5 டாலர். அதேபோல ஜூரி சம்மன், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் மக்கள் குழுவில் உட்கார அழைக்கும் கடிதம், வந்தால் கிழித்துப் போடாதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் கிரீன்கார்டுக்காரர்களுக்கும் வரும். குடிமகன் இல்லை என்று உண்மையைக் குறித்துத் திருப்பி அனுப்புவதுதான் சரி, வாயை மூடிக்கொண்டு இருப்பதும், தெரியாமல் போய் உட்காருவதும் இரண்டுமே வம்பு.

நீதிமன்றம் நடக்கும் கட்டடம் என்றால் வாசலில் ஸ்கேனர் இருக்கும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தி, பெப்பர் ஸ்பிரே இரண்டையும் காரிலேயே விடுங்கள். விசாரணை நடக்கும் அறைக்குள் யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், பெரும்பாலான வழக்குகள் பொதுமக்களுக்குத் திறந்தவைதான். தொப்பியைக் கழற்றுங்கள், போனை அணையுங்கள், படம் எடுக்க வேண்டாம். கூடம் காலியாக இருந்தால் நீதிமன்றக் காவலரான பெய்லிஃபிடம் கேட்டுப் பாருங்கள். சின்ன ஊர்களில் அவரே விளக்கைப் போட்டுக் கதையும் சொல்வார்.

கல்லை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் ஒரு தவறுதான். ஆஸ்டினுக்கு வடக்கே ஜார்ஜ்டவுனில் உள்ள வில்லியம்சன் கவுண்டி கோர்ட்ஹவுஸ் 1911இல் கட்டியது, வெளிப்பார்வைக்கு மற்ற இடங்களைப் போல வாயைப் பிளக்க வைக்காது. ஆனால் 1923இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் ஒரு விற்பனைப் பிரதிநிதியைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த வழக்கு அங்கேதான் நடந்தது. டேன் மூடி என்ற இளம் அரசு வழக்கறிஞர் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பினார். கிளானின் ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. நான்கே வருஷத்தில், 33 வயதில், அவர் டெக்சாஸ் ஆளுநரானார். அந்தக் கூடத்தின் பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஹில்ஸ்போரோவில் இருக்கும் ஹில் கவுண்டி கோர்ட்ஹவுஸ் 1993 புத்தாண்டு அன்று தீப்பிடித்துக் கோபுரத்தோடு சரிந்தது. அந்தக் கவுண்டியில் பிறந்த பாடகர் வில்லி நெல்சன் கச்சேரி நடத்தி நிதி திரட்ட, ஊர்க்காரர்கள் திரும்பக் கட்டி 1999இல் திறந்தார்கள். இன்று பார்த்தால் எது 1890, எது 1999 என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு தேதி. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள், கடன் கட்டாத வீடுகளை ஏலம் விடுவார்கள், கோர்ட்ஹவுஸ் படியிலோ கமிஷனர்கள் குறித்துக்கொடுத்த வேறு இடத்திலோ. கையில் தாள்கட்டோடு ஒருவர் நின்று முகவரிகளை வேகமாக வாசித்துக்கொண்டிருப்பார், சுற்றிலும் ஏழெட்டுப் பேர் போனில் யாருக்கோ கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் படியில் நின்று குடும்பப் படம் எடுக்க இடமும் இருக்காது, சதுக்கத்தில் கார் நிறுத்த இடமும் கிடைக்காது. புதன்கிழமை போங்கள்.