பிள்ளைக்குப் பழைய ரைஃபிள் தேடும்போது நடக்கும் தவறுகள்

“சீப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் டூ டூ கிடைக்குமா சார்?” பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்த்த கையோடு கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என்.சி.சி.யில் .22 சுட்ட அப்பாவாக இருந்தால் இன்னும் உறுதியாகக் கேட்பார். நான் பயிற்சியாளர் இல்லை. மகளை ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியே காத்திருந்து காத்திருந்தே பாதியைத் தெரிந்துகொண்டவன். அந்தப் பாதியிலேயே, தவறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று சொல்லிவிட முடியும்.

“டூ டூ”, அதாவது .22 அங்குலக் குழல், என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான்கள் உலவுகின்றன. ஒன்று .22 ரிம்ஃபயர். தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து இருக்கும், ஊசி அந்த விளிம்பில் அடித்தால் வெடிக்கும். இது முழுத் துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்தான். இன்னொன்று .22 ஏர் கன். வெடிமருந்து கிடையாது, காற்றுதான். “காத்துத் துப்பாக்கிதானே, லைசென்ஸ் எதுக்கு?” என்று விற்பவர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அது தப்பு. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது .177க்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். .22 ஏர் கன் 5.5 மில்லிமீட்டர். காற்றில் ஓடினாலும் அது லைசென்ஸ் கணக்கில்தான் வரும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது இந்த இரண்டுமே இல்லை, .177 தான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்று ஒலிம்பிக்கில் பார்ப்பது அதைத்தான். அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கியது அதில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் வரைக்கும் போனதும் அதில்தான்.

சரி, ரிம்ஃபயரேதான் வேண்டும் என்கிறீர்களா? 21 வயது ஆகாதவர் தன் பேரில் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ ஆயுதச் சட்டம் பொதுவாக விடாது. பயிற்சிக்கு இருக்கும் தனி வழியும் கிளப், பயிற்சியாளர் மூலமாகத்தான். பெரியவர் ஒருவர் தன் லைசென்ஸில் வாங்கலாம். ஆனால் விற்பவர் தன் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். “இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஏர் ரைஃபிள் பக்கம் வருவோம். காசு அதிகம் போவது இங்கேதான்.

பெரிய தவறு, கிடைத்த துப்பாக்கிக்குப் பிள்ளையைப் பொருத்தப் பார்ப்பது. “வளர்ற பிள்ளைதானே” என்று சட்டையைப் பெரிதாக எடுப்போமே, அதே பழக்கம். மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சட்டைக்கு அது சரி, கையை மடித்துவிட்டால் போயிற்று. ரைஃபிளை எங்கே மடிப்பது? போட்டி விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், பெரியவர்களின் துப்பாக்கி அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். முப்பது கிலோ பிள்ளை அதைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். இடுப்பு முன்னால் போகும், முதுகு வில்லாகப் பின்னால் வளையும், கன்னம் ரைஃபிளின் பின்கட்டையைத் தேடி அலையும். மாதக் கணக்கில் அப்படிப் பழகினால் அந்த நிலையே ஊறிவிடும், அதை மாற்றப் பயிற்சியாளருக்கு இன்னொரு வருடம் பிடிக்கும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் டிரிகருக்கு இயல்பாக எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். பின்முனைத் தகடும் கன்னக்கட்டையும் நகர்த்தக் கூடியவையா, அந்தத் திருகுகள் இன்னும் திரும்புகின்றனவா என்று நீங்களே திருகிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால், நகர்த்தக் கூடியது என்று சொல்லி விற்பதில் அர்த்தமில்லை. பிள்ளை இடது கைப் பழக்கம் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

துரு என்றதும் ஞாபகம் வருகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பார்க்கப் போயிருந்தோம். வெளியே எண்ணெய் பூசி, கண்ணாடி மாதிரி மின்னியது. எங்களோடு வந்த சீனியர் பையன் பேசாமல் பையிலிருந்து சின்னத் துணித்துண்டை எடுத்து, நைலான் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தான். வெள்ளையாகப் போனது காவி நிறத்தில் வந்தது. இரண்டாவது துண்டும் காவி. மூன்றாவதை அவன் எடுக்கவே இல்லை. கடற்கரை ஊரில் பரணில் கிடந்த துப்பாக்கிக்கு உப்புக்காற்று ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை ஈரம் இன்னொரு பக்கம். வெளியே எண்ணெய் போடுகிறவர்கள் குழலுக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. “சத்தம் பாருங்க” என்று வீட்டுக்காரர் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, போடாமலே டப் டப் என்று இரண்டு முறை சுட்டுக் காட்டினார். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று அழுத்தம் இருக்காது. அது நேராகப் போய் முன்சுவரில் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். நம் முன்னால் இரண்டு முறை அடித்தவர், நாம் இல்லாதபோது எத்தனை முறை அடித்தாரோ!

போட்டிக்கான பி.சி.பி. ரைஃபிள், அதாவது சிலிண்டரில் முன்பே காற்றை அடைத்து வைத்துச் சுடுவது, என்றால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதில் தேதி பொறித்திருக்கும். தயாரித்து 10 வருடம் தாண்டிய சிலிண்டரைப் பன்னாட்டுப் போட்டி விதி ஏற்காது. விதி இருக்கட்டும், 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு அழுத்தம், பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பது வருட சிலிண்டரோடு வருகிற ‘மலிவு’ ஜெர்மன் வால்தர் ரைஃபிளுக்கு அடுத்த வருடமே புதுச் சிலிண்டர் காசு தனியாக எண்ண வேண்டும். பேரம் பேசும்போதே அதைக் கழித்துவிடுங்கள். முந்தின இரவே காற்று நிரப்பி வைக்கச் சொல்லி, அழுத்தம் காட்டும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலையில் போய்ப் பார்க்கும்போது முள் இறங்கியிருந்தால் எங்கோ சீல் கசிகிறது.

காற்று எங்கே நிரப்புவது என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். கைப்பம்பு உண்டு, பிள்ளைக்கும் உங்களுக்கும் உடற்பயிற்சி ஆகும். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் டேங்கில் இருப்பதும் வெறும் காற்றுதான், கேட்டுப் பார்க்கலாம். 300 பார் டேங்கிலிருந்து 200 பார் சிலிண்டருக்கு ஏற்றும்போது வால்வை மெல்லத் திறந்து மீட்டரிலேயே கண் வைத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் கூடவே கூடாது. உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் வெடிக்கும்.

சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பத்து மீட்டரில், மேசையில் மணல் பை வைத்து அதன் மேல் ரைஃபிளைத் தாங்கி, தட்டைத் தலை பெல்லட்டில் ஐந்து. ஐந்தும் நடுவில் விழ வேண்டும் என்பதில்லை, ஒரே இடத்தில் விழுந்தால் போதும். நடுவுக்குக் கொண்டுவர, குறிபார்க்கும் சைட் இருக்கிறது. ஈயம் தொட்ட கையைப் பிள்ளை கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும்.

போட்டோவை மட்டும் பார்த்து ஜிபேயில் அட்வான்ஸ் போடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு ரைஃபிள் என்றால் பில்லோடு இறக்குமதிக் காகிதத்தையும் கேளுங்கள். வீரர்களுக்கான வரிச்சலுகையில் வந்ததாக இருந்தால் அதை விற்க நிபந்தனைகள் உண்டு. பில்லின் நகலையும் கிளப் அட்டையையும் துப்பாக்கிப் பையிலேயே வைத்திருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் வந்தால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் சரக்குப் பாட்டில் தேடுகிறவர்கள் அந்த நீளப் பையை விட்டுவைப்பார்களா?

வாங்கிய பிறகு, மொட்டை மாடியில் புறாவையும் மைனாவையும் குறிபார்க்க விடாதீர்கள். ஊசுட்டேரிக்குத் தூக்கிக்கொண்டு போவது அதைவிட மோசம், அது பறவைகள் சரணாலயம்.

நல்ல சாமான் எங்கேதான் கிடைக்கும்? சீனியர் பிள்ளைகளின் வீட்டில். ஜூனியர் அளவு கட்டை அவர்களுக்குச் சின்னதாகியிருக்கும், அல்லது பிளஸ் டூ வந்து ரேஞ்சையே நிறுத்தியிருப்பார்கள். அந்தத் துப்பாக்கி எப்படிச் சுடும் என்று பயிற்சியாளருக்கே தெரியும். அதுவரை கிளப் துப்பாக்கியில் சுடட்டும். மகள் எட்டு மாதம் அப்படித்தான் சுட்டாள். ஏப்ரல், மே மாதத்தில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீடுகளில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.