ஸ்டியரிங்கில் உள்ள கியர் லிவரின் ஆட்டத்தைச் சரிசெய்தல்: பழைய அம்பாசிடர் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைத் தாண்டிய பின் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வண்டியைக் கீழ்க் கியரில் பிடித்துத்தான் இறக்க வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கினால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதைக்கும் இதுவே பொருந்தும். ஆகவே, ஸ்டியரிங்கில் கியர் உள்ள பழைய அம்பாசிடரை இந்தப் பகுதியில் ஓட்டுபவர்கள், லிவர் தொளதொளவென்று ஆடுவதை வண்டியின் வயதுக்குரிய இயல்பு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற வேண்டிய நொடியில் லிவர் வெறுமனே சுழன்றால், வண்டி நியூட்ரலில் உருளத் தொடங்கிவிடும்.

2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஓடும் வண்டிகளில் ஸ்டியரிங்கில் கியர் வைத்தவை பெரும்பாலும் அதற்கும் பல ஆண்டுகள் முந்தியவை. ஆனாலும் இந்தக் கோளாறு பெரிய செலவு வைக்கும் கோளாறு அன்று. பெரும்பாலும் தேய்ந்திருப்பவை, தண்டைச் சுற்றித் தாங்கும் வளையங்களான புஷ்களும், மூட்டுகளை இணைக்கும் சிறு ஆணிகளான பின்களும்தான். எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் லிவரைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் ராடின் (கம்பித் தண்டின்) நீளத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதே, பலருடைய வண்டியில் ஆட்டம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம்.

முதலில் கோளாறு லிவரிலும் அதன் இணைப்புகளிலும்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். லிவரை மேலும் கீழும் அசைக்கும்போது கணிசமான தூரத்துக்கு எதுவும் நகராமல் கை மட்டும் நகர்கிறது என்றால், அல்லது ஓடும்போது லிவர் கலகலவென்று ஒலிக்கிறது என்றால், அது இணைப்புகளின் தேய்மானம். கியர் நன்றாக விழுந்த பின்னும் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்தால், பெரும்பாலும் குறை கியர் பாக்ஸுக்குள் இருக்கும்; கியரை அதன் இடத்தில் நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பற்கள் மழுங்கியிருக்கலாம். எல்லாக் கியரும் கரகரவென்று உராய்ந்தே விழுகிறது என்றால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்கினால் புதிய புஷ் போட்ட பின்னும் பழைய குறை அப்படியே நிற்கும்.

லிவரின் அசைவு கியர் பாக்ஸுக்குப் போய்ச் சேரும் வழியை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றது எளிது. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் லிவர், ஸ்டியரிங் தண்டுக்கு இணையாக இறங்கும் ஒரு ஷாஃப்டின் தலையில் பின் ஒன்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. லிவரை ஓட்டுநர் தம் பக்கம் இழுக்கும்போதும் எதிர்ப்பக்கம் தள்ளும்போதும் கியர் வரிசை தேர்ந்தெடுக்கப்படுகிறது: முதல் இரண்டு கியர்களுக்கு ஒரு வரிசை, மூன்று நான்குக்கு ஒரு வரிசை, ரிவர்ஸுக்குத் தனி வரிசை. மேலும் கீழும் அசைக்கும்போது அந்த ஷாஃப்ட் சுழன்று, தேர்ந்த வரிசைக்குள் கியரை விழச் செய்கிறது. இவ்விரு அசைவுகளும் என்ஜின் அறைக்குள், ஷாஃப்டின் அடிமுனையில் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் (சிறு நெம்புகோல்கள்) வழியாகவும் அவற்றோடு பூட்டிய ராடுகள் அல்லது கேபிள் வழியாகவும் கியர் பாக்ஸுக்குச் செல்கின்றன. வழியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. ஒவ்வொரு பின்னும் தேயும்.

இந்தத் தேய்மானங்கள் கூடிக்கொண்டே வந்து கையில் பெரிதாகத் தெரியும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஷாஃப்டின் அடியில் உள்ள கை 5 செ.மீ. நீளம், மேலே லிவர் 25 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு மூட்டில் உள்ள 1 மி.மீ. இடைவெளி, லிவரின் குமிழில் 5 மி.மீ. ஆட்டமாக வெளிப்படும். அப்படி மூன்று மூட்டுகள் இருந்தால் 15 மி.மீ. ஆகிவிடும். எந்த ஒரு மூட்டையும் தனியாகப் பார்த்தால் மோசமாகத் தோன்றாததால், மெக்கானிக் எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிடுவதும் உண்டு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட வேண்டும். சோதனையின்போது கியரை நியூட்ரலிலும் மற்ற இடங்களிலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கியர் வண்டியைப் பிடித்திருக்கும் என்று நம்ப முடியாது. அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி அமர்ந்த பிறகே கீழே செல்ல வேண்டும். ஹாரன் ஒயரும் இண்டிகேட்டர் ஒயர்களும் ஸ்டியரிங் தண்டை ஒட்டியே போவதால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது. அம்பாசிடரின் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதன்மேல் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நாளடைவில் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஸ்டியரிங்கில் கியர் உள்ள பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்போர் இதே வழிமுறையைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களுக்கு மி.மீ. ஸ்பேனர்களே வேண்டும்.

இனி, துணைக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, லிவரை மெதுவாக, கியர் விழாத அளவுக்கு மட்டும், மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மூட்டின் மீதும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையாமல் நிற்கும் மூட்டில் தேய்மானம் இருக்கிறது. கண்ணைவிட விரல் இதில் நம்பத்தக்கது, ஏனென்றால் கிரீஸும் தூசும் சேர்ந்து இடைவெளியை மறைத்திருக்கும். கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் குவாரிகள் இருக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளில் இந்தத் தூசு சாதாரணத் தூசு அன்று. கிரீஸோடு கலந்த கல்பொடி எமரித்தாளைப் போலப் பின்னை அறுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, பார்ப்பதற்கு முன்பே மூட்டுகளை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவித் துடைத்துவிடுவது நல்லது. தேய்ந்த மூட்டுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்முனையில் இருந்து கழற்றத் தொடங்கலாம். லிவரைப் பிணைக்கும் பின்னைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்கும்போது, மறுபக்கம் ஒரு கனத்த இரும்புத் துண்டைத் தாங்கலாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாங்கல் இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் ஸ்டியரிங் தண்டின் பிராக்கெட்டுக்குப் போகும், வார்ப்பு உறை விரிசல் விடவும் கூடும். பின் வெளியே வந்ததும் அதன் நடுப்பகுதியையும் முனையையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் பின் தேய்ந்திருக்கிறது. பிறகு துளையைப் பாருங்கள். துளை இன்னும் வட்டமாக இருந்தால் புதிய பின் மட்டும் போதும். நீள்வட்டமாகிவிட்டிருந்தால் புதிய பின்னும் ஆடத்தான் செய்யும். ரீமர் (துளையைச் சீராகக் கடையும் கருவி) போட்டுத் துளையை வட்டமாக்கி, அதற்கேற்ற தடிமனில் பின் செய்து போட வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் ஏற்ற வேண்டும். பின் கிடைக்கவில்லை என்று மரையுள்ள போல்ட்டைச் செருகி நட்டு முடுக்கிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. இது தவறு. மரையின் கூர்முனைகள் துளையை அரம் போல அராவிச் சில மாதங்களில் முன்பைவிடப் பெரிதாக்கிவிடும். போல்ட்தான் போட வேண்டும் என்றால், துளைக்குள் நிற்கும் பகுதி முழுவதும் மரையில்லாத வழவழப்பான தண்டாக இருக்கும் போல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது ஷாஃப்ட். அதைத் தாங்கும் புஷ்கள் மேலும் கீழும் உள்ளன. ஷாஃப்டின் அடிமுனையைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் அசைகிறது என்றால், கீழ்ப் புஷ் போய்விட்டது. அதை மாற்றுவதற்கு முன், பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். பிராக்கெட் தளர்ந்திருப்பதைப் புஷ் தேய்ந்ததாக எண்ணிவிடுவது எளிது. கடையில் புஷ் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களிலும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பழைய புஷ்ஷையும் ஷாஃப்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனால் கன்மெட்டல் என்னும் செம்புக் கலவை உலோகத்தில் கடைந்து தருவார்கள். ஷாஃப்டை விட்டுவிட்டுப் பழைய புஷ்ஷை மட்டும் கொண்டுபோனால், தேய்ந்த புஷ்ஷின் அளவுக்கே புதியதையும் கடைய நேரும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.1 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் போதுமானது. அதைவிட இறுக்கமாகக் கேட்டுச் செய்தால், வெயில் நாளில் என்ஜின் சூடும் சேர்ந்து லிவர் பிடித்துக்கொள்ளும்.

ராடுகளின் மூட்டுகளில் பின், வாஷர், பின் கழலாமல் தடுக்க முனையை வளைத்துவிடும் ஸ்ப்ளிட் பின் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மீண்டும் வளைத்துப் போட்டால் அது ஓட்டத்தில் முறிந்து ராடு கழன்றுவிடலாம். வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வேலை கேபிளால் நடக்கும் வண்டிகளில், கேபிளின் உறை இரு முனைகளிலும் கிளாம்ப்பில் அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறையே நகர்ந்தால் உள்ளே உள்ள கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ரிவர்ஸ் போடத் தேடித் திணற வேண்டியிருக்கும்.

பலர் பார்க்கத் தவறும் ஓர் இடம் என்ஜின், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் ரப்பர் மவுண்டிங்குகள். ஸ்டியரிங் தண்டு வண்டியின் உடலோடு நிற்கிறது. கியர் பாக்ஸோ ரப்பரின் மேல் மிதக்கிறது. ரப்பர் வெடித்தோ எண்ணெயில் ஊறிக் கூழாகியோ இருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் கியர் பாக்ஸ் எழும்பி ராடுகளைத் தள்ளும், லிவரும் கூடவே குதிக்கும். நின்ற வண்டியில் ஆட்டமே இல்லாமல், ஓடும்போது மட்டும் லிவர் துள்ளுகிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

தேய்மானம் முழுவதையும் நீக்கிய பிறகுதான் ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். கியர் பாக்ஸின் பக்கத்தில் உள்ள கையை நியூட்ரலில் நிறுத்தி, ராடை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். உள்ளே லிவரைத் துணையாளர் நியூட்ரல் நிலையில், தள்ளாமலும் இழுக்காமலும் பிடித்திருக்கட்டும். இப்போது ராடின் முனை, கையில் உள்ள துளைக்கு நேராக வந்து, பின் எந்த அழுத்தமும் இல்லாமல் விரலால் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் ராடின் முனையைத் திரும்பாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி முனையைத் திருகி நீளத்தை மாற்றி, மீண்டும் நுழைத்துப் பார்த்து, சரியானதும் லாக் நட்டை இறுக்குங்கள். நெம்பி நுழைக்கும் பின் ஒரு நாளும் சரியான நியூட்ரலைத் தராது. பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். கியர் முழுவதும் விழுந்த பின்னும் லிவருக்குச் சிறிது தூரம் மிச்சம் இருக்க வேண்டும். லிவர் முதலில் முட்டி நின்று, கியர் பாதி விழுந்த நிலையில் இருந்தால், பற்களின் ஓரம் மட்டுமே சுமையைத் தாங்கும். அவை விரைவில் மழுங்கி, கியர் கழலும் பெரிய செலவு அங்கிருந்துதான் தொடங்கும்.

டியூப் ரப்பரைச் சுற்றி மூட்டை இறுக்குவது, கம்பியால் இழுத்துக் கட்டுவது, தேய்ந்த பின்னை வெல்டு வைத்து ஒட்டுவது ஆகிய மூன்றையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சுழல வேண்டிய மூட்டை வெல்டு அசையாமல் கட்டிவிடும்; அந்த மூட்டு தாங்க வேண்டிய அசைவின் சுமை அடுத்த மூட்டுக்கோ ராடுக்கோ போய் அதை முறிக்கும்.

வளைகுடா நாடுகளில் ஷெவர்லே, ஃபோர்டு போன்ற, ஸ்டியரிங்கில் லிவர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டிகளை ஓட்டும் நம் மாவட்டத்து ஓட்டுநர்களும் இதே போன்ற ஆட்டத்தைச் சந்திப்பதுண்டு. அவற்றிலும் லிவரின் அடியில் உள்ள பின்னும் துளையும், ஷாஃப்டின் கீழ்முனையில் உள்ள புஷ்ஷும்தான் முதலில் தேய்கின்றன. தேடும் முறையும் ஒன்றே. ஆனால் ஆபத்து வேறு. லிவர் பார்க்கிங் நிலையில் இருப்பதாக முள் காட்டும்போது, கியர் பாக்ஸ் உள்ளே உண்மையில் பூட்டப்படாமல் இருக்கக்கூடும். அதனால் ஆட்டம் தீரும்வரை ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கக் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகே, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் என்ஜினை நிறுத்திய நிலையில் எல்லாக் கியரையும் பலமுறை மாற்றிப் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை அழுத்தி, நின்றபடியே மாற்றுங்கள். அடுத்து, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் ஒவ்வொரு கியரிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். குறிப்பாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். திரும்பி வந்து ஸ்ப்ளிட் பின்களையும் லாக் நட்டுகளையும் மறுபடி பார்த்த பின்னரே கணவாய்ப் பக்கம் வண்டியை எடுத்துச் செல்லலாம்.

மூட்டுகளுக்குக் கிரீஸ் வைக்கும்போது பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துவிட்டே புதியதை வைக்க வேண்டும். மேலுக்கு மேல் பூசினால் கல்பொடியும் உள்ளேயே தங்கிவிடும். குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்கு, என்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிடுங்கள். ராடு மூட்டுக்குரிய ஒரு பின், இரண்டு வாஷர், சில ஸ்ப்ளிட் பின்கள், ஒரு கட்டிங் பிளேயர் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள்; வழியில் ராடு கழன்றால் பானெட்டைத் திறந்து அங்கேயே பூட்டிக்கொண்டு வீடு சேர அவை போதும்.