கலவைக் கணக்கு: சதவீதத்தைக் கூட்டாதீர்கள், பொருளைக் கூட்டுங்கள்

36 கிராம் எடையுள்ள 22 காரட் தங்கத்தை உருக்கி 18 காரட்டாக மாற்ற வேண்டும். எத்தனை கிராம் செம்பு சேர்க்க வேண்டும்?

பள்ளிப் பிள்ளைகளானாலும் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களானாலும் இந்தக் கணக்கில் பேனா தயங்கி நிற்கும் இடம் ஒன்றுதான்: சமன்பாட்டின் வலப்பக்கம். ஒரு மாறிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, நேரே அங்கே போகிறேன்.

முதல் படி. கலக்கும்போது எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். செம்பைச் சேர்த்தால் எடை கூடும், காரட் குறையும். உள்ளே இருக்கும் தங்கம் அப்படியேதான் இருக்கும். அந்தத் தங்கத்தைத்தான் நாம் எண்ணப்போகிறோம்.

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். சதவீதத்தில் 91.67. நகையில் பொறிக்கும் 916 முத்திரை இதைத்தான், ஆயிரத்துக்கு எத்தனை என்று, சொல்கிறது. 18 காரட் 75 சதவீதம். அதன் முத்திரை 750. கணக்குப் போடும்போது தசமங்களை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். 22, 18 என்ற முழு எண்களே போதும். செம்பில் தங்கம் இல்லை, எனவே அதன் காரட் 0.

இரண்டாம் படி. எடையையும் காரட்டையும் பெருக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

பழைய தங்கம்: 36 × 22 = 792
செம்பு: x × 0 = 0
புதிய கலவை: (36 + x) × 18

மூன்றாவது வரியில்தான் பலர் 36 × 18 என்றோ 18x என்றோ எழுதிவிடுகிறார்கள். மூசையில் (தங்கம் உருக்கும் கிண்ணத்தில்) இப்போது இருப்பது 36 கிராம் அல்ல. செம்பும் சேர்ந்து உருகிக் கிடக்கிறது. 18 காரட் என்பது அந்த மொத்த உருக்குக்கும் உரியது. ஆகவே மொத்த எடையை முதலில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, பிறகு 18-ஐப் பக்கத்தில் வையுங்கள். இந்த வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

792 = 18(36 + x). 18-ஆல் வகுத்தால் 44 = 36 + x. எனவே x = 8 கிராம்.

சரிபார்க்காமல் விடாதீர்கள். முன்பு இருந்த தங்கம் 36 × 22/24 = 33 கிராம். இப்போது 44 × 18/24 = 33 கிராம். சரி.

இதையே எடையிட்ட சராசரியாகவும் பார்க்கலாம். 792-ஐ மொத்த எடை 44-ஆல் வகுத்தால் 18. 22-க்கும் 0-க்கும் நடுவே 11 வராமல் 18 வந்ததற்குக் காரணம், தங்கத்தின் பக்கம் எடை அதிகம் என்பதே. 22-லிருந்து 18-க்குத் தூரம் 4. 0-லிருந்து 18-க்குத் தூரம் 18. தூரங்களை இடம் மாற்றிப் போட்டால் 18 : 4, அதாவது 9 : 2. நம் 36-ம் 8-ம் அதே விகிதம்தான். பால்பண்ணைத் துறையில் இதைப் பியர்சன் சதுரம் என்கிறார்கள். தேர்வுப் புத்தகங்களில் அலிகேஷன் முறை. விரைவான வழிதான். ஆனாலும் தொடக்கத்தில் சமன்பாட்டையே போடுங்கள் என்பேன். சதுரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், மூன்று பொருள்கள் கலக்கும் கணக்கு வந்தால் திணறுகிறார்கள்.

இரண்டு பக்கமும் பொருள் இருக்கும் கணக்கு ஒன்று. 6 சதவீதக் கொழுப்புள்ள பாலையும் 3 சதவீதப் பாலையும் கலந்து 4 சதவீதத்தில் 12 கிலோ வேண்டும். முதல் பால் x கிலோ என்றால் மற்றது 12 − x. இங்கே y தேவையே இல்லை.

6x + 3(12 − x) = 4 × 12
3x + 36 = 48
x = 4

முதல் பால் 4 கிலோ, இரண்டாவது 8 கிலோ. வேண்டிய சதவீதம் எப்போதும் இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். 7 சதவீதம் கேட்டால் எவ்வளவு கலந்தாலும் வராது; சமன்பாடும் குறை எண்ணைக் காட்டி அதைச் சொல்லிவிடும்.

லிட்டர் என்று எழுதாமல் கிலோ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எடை கூட்டினால் கூடும். கன அளவு எப்போதும் அப்படிக் கூடாது. 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் கலந்தால் 100 மில்லி வராது, ஏறக்குறைய 96 மில்லிதான் வரும்.

பின்சேர்க்கை: தண்ணீரைச் சேர்க்காமல் ஆவியாக்கினால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். வழி அதேதான், கூட்டலுக்குப் பதில் கழித்தல். 3.5 சதவீத உப்புள்ள 100 கிலோ கடல்நீர் 25 சதவீதமாகச் சுண்ட வேண்டுமென்றால்:

3.5 × 100 = 25(100 − x)
14 = 100 − x

86 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். உப்பளப் பாத்திகளில் அவ்வளவு நீரையும் வெயில்தான் இழுத்துக்கொள்கிறது.