கர்ப்பத்துல குடி பாதிச்ச பிள்ளைங்க: உதவப் போறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

அம்மா கர்ப்பத்துல குடிச்சதால பிள்ளைக்கு வர்ற பாதிப்பு, அதான் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம், அதைப் பத்தி படிச்சுட்டு புதுசா ஃபீல்டுக்கு வர்றவங்க, பஸ் ஏறி ஏற்காடு வந்து அதே பழைய தப்பைத்தான் பண்றாங்க. நேரத்துக்கு வரணும், ஃபைல் எழுதணும்கறதெல்லாம் விட்டுடறேன்.

அம்மாவை எல்லார் முன்னாடியும் கேக்கறது

இதை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. ஒரு எஸ்டேட் லைன் வீடு, திண்ணையில மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, தண்ணி பிடிக்க வந்தவங்க எல்லாம் இருக்காங்க, புதுசா வந்த பொண்ணு ஃபார்மை எடுத்து வச்சுக்கிட்டு "உண்டாயிருக்கப்ப குடிச்சீங்களாக்கா"ன்னு கேட்டுருச்சு. அந்தக்கா இல்லைன்னுச்சு, வேற என்ன சொல்லும்? ராத்திரி வீட்ல சண்டை. அப்புறம் எப்ப போனாலும் கதவு சாத்தியிருக்கும். கூலியை விட்டுட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி பையனை பேச்சுப் பயிற்சிக்கு சேலம் கூட்டிட்டு வந்த பொம்பளை அது, எல்லாத்தையும் நிறுத்திருச்சு.

குடிச்சா வயித்துப் பிள்ளையை பாதிக்கும்னு அவங்களுக்கு யாரு சொன்னா? 1968ல பிரான்ஸ்ல ஒரு டாக்டர் எழுதினதையே பெருசா யாரும் கண்டுக்கல, 1973ல அமெரிக்காவுல ஜோன்ஸும் ஸ்மித்தும் எழுதினப்பதான் இதுக்கு பேரே வந்துச்சு.

கேக்கவே கூடாதுன்னு சொல்லல, கேட்டாத்தான் பையனுக்கு என்னன்னு சரியா தெரியும், அடுத்த பிள்ளையையும் காப்பாத்தலாம். தனியா உக்காந்து சாப்பாடு, மாத்திரை, வேலை எல்லாம் கேட்டுட்டு அதோட சேத்து "உண்டானது தெரியறதுக்கு முன்னாடி எப்பவாச்சும் குடிச்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும் முகம் மாறக்கூடாது. சேலத்துல வசதியானவங்க இருக்கற ஃபேர்லேண்ட்ஸ்ல ஒயின் குடிச்ச அம்மாவுக்கும் இதே கேள்வி, இதே மரியாதை.

முகத்தைப் பாத்து முடிவு பண்றது

மேல் உதடு மெலிசா, மூக்குக்கு கீழ பள்ளம் இல்லாம, கண்ணு சின்னதா இருக்கான்னு தேடறாங்க. நிறைய பிள்ளைங்களுக்கு இது எதுவுமே இருக்காது, பாதிப்பு வெளிய தெரியாம மூளையில இருக்கும்.

"கொழுப்பு"ன்னு சொல்றது

நேத்து வாய்ப்பாடு சொன்னவன் இன்னிக்கு முழிப்பான். நடிப்பு இல்ல, ஞாபகம் அப்படித்தான் வந்து வந்து போகும். "பையை எடு", எடுத்தப்புறம் "செருப்பு போடு", ஒரு நேரத்துல ஒண்ணு போதும், தினமும் அதே வரிசையில. காசு, நேரம் ரெண்டும் வளந்தப்புறமும் குழப்பும், அதனால 18 ஆயிடுச்சுன்னு தனியா விட்டுடாதீங்க.

அடிச்சு திருத்தறது

வேண்டவே வேண்டாம்.

"நாளையிலருந்து நிறுத்திடு"ன்னு சொல்றது

கர்ப்பத்துல பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கிடையாது, உண்மைதான். ஆனா தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய்தான் நிறுத்தணும்.

சர்டிபிகேட் கிடைக்காதுன்னு விட்டுடறது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில இந்த சிண்ட்ரோம் பேரு இல்ல. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, காது கேளாமைன்னு எது பொருந்துதோ அதுல அசெஸ்மெண்ட் கேட்டு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டுக்கு போடுங்க. ஒவ்வொரு தடவை மலை இறங்கறப்பவும் ஒரு நாள் கூலி போகுது, அதனால எந்த டாக்டர் எந்த நாள் இருப்பாங்கன்னு போன்ல கேட்டுட்டு அப்புறம் அவங்களுக்கு தேதி சொல்லுங்க.